மாமனாருக்கு நான் கலந்த மருந்து

திப்பிலி விற்கிறவனெல்லாம் வைத்தியன் ஆகிவிட மாட்டான். இந்தச் சின்ன உண்மையை நான் தெரிந்துகொள்வதற்குள் ஒரு மனிதர் செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. அந்த மனிதர் என் மாமனார். கொல்லப் பார்த்தவன் நான். அன்போடுதான் கொல்லப் பார்த்தேன். இருந்தாலும் அம்மன் சாட்சியாக உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் காலத்தில் இலங்கை மலைநாட்டு ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்குச் சாமான் வர மாட்டு வண்டிதான். பதுளைக் கடைவீதியில் எங்களுக்கு ஒரு கடை. ஒரு பக்கம் அரிசி, பருப்பு. இன்னொரு பக்கம் சுக்கு, கடுக்காய், திப்பிலி என்று நாட்டு மருந்துச் சாமான்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் "இது எதுக்குங்க நல்லது?" என்று ஆட்கள் கேட்கக் கேட்க, நானும் ஏதாவது சொல்லச் சொல்ல, எனக்கே என்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. தலைவலி என்று யாராவது கடை வாசலில் நின்றால் போதும், கையைப் பிடித்து நாடி பார்ப்பேன். (நாடி சரியாக எந்த இடத்தில் ஓடுகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.)

என் மாமனார் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணி. திருச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து வேலை வாங்குகிறவர். துரை இங்கிலீஷில் போடும் சத்தத்தைத் தமிழில் இரண்டு மடங்காக்கிப் போடுவதில் கெட்டிக்காரர். அப்படிப்பட்ட ஆள் ஒரு வருஷத்தில் பாதியாக இளைத்துப்போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்.

என் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றபடி நிலைமையை விளக்கினார். "ராத்திரிக்குப் பத்துத் தடவை எந்திரிக்கிறாரு மாப்பிள்ள. எந்திரிச்சுப் போன எடத்துல விடிஞ்சு பாத்தா எறும்பு தேரோட்டம் நடத்துது."

தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு டிஸ்பென்சர் ஐயா இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பார்த்துவிட்டு, "இது நீரிழிவு. சோத்தைக் குறையுங்கோ. இனிப்பைத் தொடாதேங்கோ. கண்ட ஆக்கள் சொல்லுறதை எல்லாம் குடியாதேங்கோ," என்று மூன்றே கட்டளையில் முடித்துவிட்டார். முதல் இரண்டையும் மாமனார் கேட்டுக்கொண்டார். மூன்றாவதை மருமகனாகிய நான் கேட்கவில்லை.

மாமனாருக்கு நோயைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கீழே ஆற்றங்கரையில் கரகம் சோடித்து, அதைத் தலையில் வைத்து, தேயிலை மலைக்கு நடுவே செங்குத்தான பாதையில் கோயில்வரை தூக்கி வர வேண்டும். வழியில் இறக்கக் கூடாது. அந்த உரிமை என் மாமனார் குடும்பத்துக்கு. அவர் தூக்க முடியாவிட்டால் அது சின்னக் கங்காணிக்குப் போய்விடும். சின்னக் கங்காணி அவருக்கு ஒன்றுவிட்ட மச்சான். இருவரும் பேசிப் பல வருஷமாகிறது.

"ஏற முடியாதுங்க மாப்பிள்ள," என்றார் மாமனார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் முன்னூறு பேரை நடுங்க வைத்த குரல் அது. அன்றைக்கு அந்தக் குரல்தான் நடுங்கியது. "பத்துப் படி ஏறினா முட்டி ரெண்டும் கழண்டுபோவுது. இந்த வருசம் அவனே தூக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "மாமா, கரகம் உங்க தலையிலதான் வரும். எங்கிட்ட விடுங்க," என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி சிவகாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எனக்கு வயது இருபத்தாறு.

நீரிழிவுக்கு மருந்து என்று நான் கடையில் உட்கார்ந்து விசாரித்ததுதான் தாமதம், பதுளையே வைத்தியசாலையாகிவிட்டது. ஹாலி-எலப் பக்கத்துச் சிங்கள வைத்தியர் ஒருவர் கடலழிஞ்சில் மரத்தில் கடைந்த கிண்ணம் ஒன்றைக் கொடுத்தார். இரவில் அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் செம்மண் நிறமாக மாறியிருக்கும். அதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். கதிர்காமத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பண்டாரம் தன் பையிலிருந்து சிறுகுறிஞ்சான் இலையை அள்ளித் தந்தார். அதை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மண்ணாக இருக்கும். (நான் சோதித்துப் பார்த்தேன். மண்ணேதான்.) மாமியார் பாகற்காய்ச் சாற்றின்மேல் சத்தியம் செய்தார். என் கடையிலோ இந்தியாவிலிருந்து வந்த ஆவாரம்பூ ஒரு மூட்டை இருந்தது.

நான்கில் எதைக் கொடுப்பது? இங்கேதான் என் பக்தி உள்ளே வந்தது. நானாக ஒரு காரியம் செய்ய மாட்டேன். அம்மனைக் கேட்டுத்தான் செய்வேன். தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். பூசாரி மருதை வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துப் பொட்டலமாக்கி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "தாயே, கடலழிஞ்சில் கொடுக்கலாமா?" எடுத்தேன். வெள்ளை.

அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். பண்டாரமும் மாமியாரும் மனம் நோவார்களே என்று இன்னொரு தடவை கேட்டேன். "தாயே, சிறுகுறிஞ்சான்?" வெள்ளை. பாகற்காய்? வெள்ளை. ஆவாரம்பூ? அதுவும் வெள்ளை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பூசாரியே அசந்துவிட்டார். "நாலும் வெள்ளை விழுந்து நான் பாத்ததில்லீங்க. ஆத்தா நாலையும் குடுக்கச் சொல்றா!"

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் கேட்டேன். நான்கையும் ஒன்றாகக் கொடுக்கலாமா என்று கேட்கவே இல்லை. அந்த நேரத்தில் அது எங்கள் இருவர் மண்டைக்கும் எட்டவில்லை. அம்மன் என்ன செய்வாள் பாவம்? கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும்!

பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாமனார் வீட்டிலேயே தங்கி, என் சொந்த மூளையையும் கொஞ்சம் சேர்த்தேன். நான்கையும் தனித்தனியாகக் குடிக்க மாமனாருக்குச் சிரமமாக இருக்குமே! ஆவாரம்பூவைக் கஷாயமாகக் காய்ச்சி, பாகற்காய்ச் சாற்றை விட்டு, சிறுகுறிஞ்சானை இடித்துப் போட்டு, கடலழிஞ்சில் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றி இரவெல்லாம் ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் தார் மாதிரி இருந்தது. அதிலிருந்து வந்த வாடைக்கு வீட்டு நாய் இடம் மாறிப் படுத்துக்கொண்டது.

மாமனார் ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டுத் துண்டால் நாக்கைத் துடைத்தார். பிறகு, "மாப்பிள்ள, உங்களுக்கு எம்மேல ஏதும் வருத்தமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் பாருங்கள், மருந்து வேலை செய்தது! ஒரு வாரத்தில் தாகம் குறைந்தது. பத்துத் தடவை எழுந்தவர் இரண்டு தடவை எழுந்தார். ஒரு நாள் காலையில் மாமியார் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்து, "எறும்பு இல்ல! ஒரு எறும்புகூட இல்ல!" என்று கூவினார். அக்கம்பக்கத்து லயத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து எறும்பு இல்லாத அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கைகட்டி அடக்கமாக நிற்பதுபோல் நின்றேன். உள்ளுக்குள் எனக்குச் சிலை வைத்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா வந்தது. காப்புக் கட்டிய நாளிலிருந்து மாமனார் ஒருவேளைச் சாப்பாடு. கரகத்தன்று அதுவும் கிடையாது, முழுப் பட்டினி. அன்று காலையில் நான் கிண்ணத்தை எடுத்தபோது சிவகாமி குறுக்கே வந்தாள்.

"ஏங்க, வெறும் வயித்துல இம்புட்டையும் குடுக்கணுமா? இன்னிக்கு ஒரு நாள் விட்டாத்தான் என்ன?"

"மருந்துக்கு விரதம் கிடையாது," என்றேன். (இப்படி ஒரு வாக்கியம் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த நிமிஷம் நானே உண்டாக்கியது.)

அது போதாதென்று, ஆற்றங்கரையில் கரகம் சோடித்து முடிந்ததும், மலையேறப் போகிறாரே, பலம் வேண்டுமே என்று மடியில் வைத்திருந்த சிறுகுறிஞ்சான் இலையில் ஒரு பிடியை எடுத்து அவர் வாயில் கூடுதலாகத் திணித்தேன்.

தப்பும் உறுமியும் முழங்கின. மாமனார் கரகத்தைத் தலையில் வைத்து நடந்தார். முதல் திருப்பம் தாண்டினார். இரண்டாவது திருப்பம் தாண்டினார். "பாத்தியா என் மருந்தை" என்று நான் சிவகாமியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கோயில் முற்றத்துக்குள் கால் வைத்தபோதுதான் அவர் நடை மாறியது. கை நடுங்கியது. கால் நடுங்கியது. முகத்தில் வியர்வை மழையாக ஊற்றியது. கண் எங்கேயோ பார்த்தது.

"வந்துருச்சு!" என்று ஒரு கிழவி கத்தினாள். "பெரிய கங்காணிக்கு ஆத்தா வந்துருச்சு!"

குலவைச் சத்தம் மலை முழுக்க எதிரொலித்தது. எத்தனையோ வருஷம் கரகம் தூக்கியும் ஒரு தடவைகூட அவருக்கு அருள் வந்ததில்லை. அது ஊருக்குள் ஒரு குறையாகவே இருந்தது. ஆகவே ஜனங்கள் பரவசமாகி விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். நான் சும்மா இருந்தேனா? என் மருந்தால் உடம்பு சுத்தமாகி, அம்மன் இறங்குவதற்கு ஏற்ற பாத்திரமாகிவிட்டார் என்று தேம்பித் தேம்பி அழுதபடி அவர் காலிலேயே விழுந்தேன்.

பூசாரி மருதை சூடத் தட்டோடு முன்னால் வந்தார். "தாயே, என்ன கொறை வச்சோம்? வாய் தொறந்து சொல்லு!"

மாமனார் வாய் குழறியது. ஏதோ சொன்னார், புரியவில்லை. பிறகு காலடியில் கிடந்த என்னைப் பார்த்தார். கண் சிவந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

"இவன்... இவன்தான்... புடிச்சுக் கட்டுங்கடா இவன!"

நான் நிமிர்வதற்குள் நாலு பேர் என்னைத் தூக்கிவிட்டார்கள். முற்றத்தில் ஒரு பலா மரம். அதில் பலிக்குக் கொண்டுவந்த கிடாயைக் கட்டியிருந்தார்கள். அவசரத்துக்கு வேறு கயிறு கிடைக்கவில்லை. கிடாயை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றால் என்னைக் கட்டினார்கள். கிடாய் ஒரு கணம் என்னைப் பார்த்தது. பிறகு தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அதை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

கட்டுண்டு நின்றபோதுதான் எனக்கு அறிவு வந்தது. எதிரே மாமனாரின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. முட்டி மடங்கியது. கரகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடப் பாவி! பட்டினி வயிற்றில் நாலு மருந்து, அதற்குமேல் ஒரு பிடி இலை! "சாமி இல்ல, மருந்து! என் மருந்துதான்! காப்பாத்துங்க!" என்று அலறினேன்.

"ஆத்தா பேசுற எடத்துல இவன் என்ன ஊடால? வாயையும் கட்டுங்கடா!" என்றார் பூசாரி. என் தோளில் கிடந்த துண்டே என் வாய்க்குள் போயிற்று.

கரகம் விழப்போகிறது என்று கூட்டம் 'ஐயோ' என்றது. அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டு கரகத்தைத் தாங்கின. சின்னக் கங்காணி! அவர் அதைத் தன் தலைக்கு மாற்றியிருந்தால் கேட்பார் இல்லை. மாற்றவில்லை. மாமனாரின் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்து முட்டுக்கொடுத்து, கரகத்தை அவர் தலையிலேயே பிடித்துக்கொண்டு, "விழுந்துராத மச்சான், நான் புடிச்சிருக்கேன்," என்றார்.

சிவகாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தகப்பன் கையைப் பிடித்தாள். அருள் வந்தவரைத் தொடலாமா என்று பூசாரி பதறினார்.

"சாமி வந்த ஒடம்பு நெருப்பாக் கொதிக்கும்," என்றாள் அவள். "எங்கப்பா கை பச்சத் தண்ணியா இருக்கு. இது சாமி இல்ல, பசி."

பக்கத்தில் அம்மனுக்குப் படைக்கப் பெரிய அண்டாவில் பானகம் கரைத்து வைத்திருந்தது. வெல்லமும் ஏலக்காயும் சுக்கும் போட்ட பானகம். அவள் செம்பை முக்கி எடுத்தாள்.

பூசாரிக்கு மூச்சே நின்றுவிட்டது. "அடி ஆத்தீ! இன்னும் படைக்கல! படைக்காததை மனுசன் வாயில ஊத்துறியே!"

சிவகாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கப்பா மேல ஆத்தா வந்திருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப இது ஆத்தா வாய்க்குத்தான போவுது? இதவிட என்ன படையல் வேணும் உங்களுக்கு?"

பூசாரி சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்டாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

முதல் செம்பு பாதி தாடியில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவதை அவரே இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தப்புக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் துண்டுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் வரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவர் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு சிவகாமியைப் பார்ப்பேன்?

கொஞ்ச நேரத்தில் மாமனாரின் கண் ஓரிடத்தில் நின்றது. மகளைப் பார்த்தார். "என்னடி இது, வெறுந்தண்ணியக் குடுக்கிற? இனிப்பே இல்லையே," என்றார். (நான் திணித்த இலை அப்போதும் நாக்கில் வேலை செய்துகொண்டிருந்தது.) பிறகு முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ளைய ஏன்டா கட்டி வச்சிருக்கீங்க?"

"நீங்கதாங்க கட்டச் சொன்னீங்க," என்றது கூட்டம் ஒரே குரலில்.

"நானா?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். "சொல்லியிருப்பேன்."

சின்னக் கங்காணி கையை எடுக்காமல், "நடப்பியா மச்சான்?" என்று கேட்டார். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, நான்கு கையும் ஒரு கரகமுமாக மிச்சமிருந்த இருபது அடியை நடந்து, கரகத்தை அம்மன் முன்னால் இறக்கினார்கள். பேச்சில்லாமல் கழிந்த அத்தனை வருஷமும் அந்த இருபது அடியில் தீர்ந்தது.

சேதி கேட்டு டிஸ்பென்சர் ஐயா ஓடி வந்தார். மாமனாரைச் சோதித்து, சோறு கொடுக்கச் சொல்லிவிட்டு, நேரே பலா மரத்தடிக்கு வந்து என் வாயிலிருந்த துண்டை எடுத்தார். என்னென்ன கொடுத்தீர் என்று கேட்டார். சொன்னேன். வீட்டிலிருந்து கிண்ணத்தை வரவழைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொண்டும் நல்ல மாடுதான் காணும். அதுக்காக நாலையும் ஒண்டாய்ப் பூட்டி, இறக்கத்திலை வண்டியை விடுறதே? சில்லு உருளாமல் கட்டை போட வயித்திலை ஒரு பிடி சோறும் இல்லை! ரத்தத்திலை இருந்த சீனி எல்லாத்தையும் வடிச்சுப்போட்டீர்."

துண்டை மறுபடியும் என் வாயில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பூசாரி என்னை உடனே அவிழ்க்கவில்லை. அம்மன் வாக்கில் வந்த கட்டு, பூசை முடியாமல் அவிழ்க்கக் கூடாதாம். பூசை முடிந்து, சோறு போட்டு, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகுதான் அவிழ்த்தார்கள்.

மாமனார் அதற்குப் பிறகும் பல வருஷம் நன்றாக இருந்தார். டிஸ்பென்சர் ஐயா சொன்ன சாப்பாடு. அவரிடம் கேட்டுக்கொண்டு கடலழிஞ்சில் கிண்ணத்துத் தண்ணீர் மட்டும், அதுவும் சாப்பிடுகிற நாளில் மட்டும். சில பேர் என்னிடம் கேட்பதுண்டு: அன்றைக்கு அம்மன் வந்தாளா, இல்லையா? வந்தாள் என்றுதான் நான் நம்புகிறேன். மாமனார் மேல் அல்ல. செம்பு பிடித்த அந்தக் கையில் வந்தாள்.

மறு வருஷத் திருவிழாவுக்கு ஒன்றும் தெரியாதவன்போல் ஓர் ஓரமாக நின்றேன். பூசாரி மருதை கயிற்றோடு வந்தார். "போன வருசம் மருமவனைக் கட்டினப்புறந்தான் கரகம் எறங்குச்சு. மழை நல்ல மழை, கொழுந்தும் நல்ல கொழுந்து. ஆத்தா வச்ச முறைய நாம மாத்தலாமா?" ஊரே ஆமாம் என்றது. மாமனார் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமாம் என்றார். அன்றிலிருந்து அந்தக் கோயிலில் கரகம் இறங்குகிறவரைக்கும் அந்த வீட்டு மருமகனைப் பலா மரத்தில் கட்டிவைப்பது சாஸ்திரமாகிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் நான் நின்றேன். சின்னப் பிள்ளைகள் என்னிடம் திருநீறு வாங்கிக்கொண்டு போகும்.

போன வருஷத்திலிருந்து அந்தப் பொறுப்பு என் மருமகனுக்கு. வெலிமடையில் கடை வைத்திருக்கிறார். படித்த பிள்ளை. என் நீரிழிவுக்காக (ஆமாம், எனக்கும் வந்துவிட்டது) மிகவும் கவலைப்படுகிறவர். முதல் தடவை கயிறு சுற்றும்போது, "இது எந்த ஆகமத்துல இருக்கு மாமா?" என்று பவ்யமாகக் கேட்டார்.

நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து சிவகாமியின் குரல் வந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க பூசாரி. மாமாவுக்குன்னு மூணு பொடி வாங்கிட்டு வந்திருக்காராம். மூணையும் ஒண்ணாக் கலக்கலாமான்னு காலையிலேருந்து எங்கிட்டக் கேட்டுக்கிட்டிருக்காரு."